மூன்று நாள் ஒலிப்பதிவு, முப்பத்தைந்து ஆண்டு வயல்: மிசிசிப்பி ஜான் ஹர்ட்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் கிட்டார்க்காரருமான மிசிசிப்பி ஜான் ஹர்ட் தன் இளமையில் ஒலிப்பதிவு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தது மொத்தம் மூன்று நாள். 1928 பிப்ரவரி 14 அன்று மெம்பிஸ் நகரில். அதே ஆண்டு டிசம்பர் 21, 28 தேதிகளில் நியூயார்க்கில். அவற்றிலிருந்து ஆறு இசைத்தட்டுகள் வெளிவந்தன, பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாட்டுகள். அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் பக்கம் எந்த நிறுவனமும் திரும்பவில்லை. 1963இல் ஒரு வெள்ளைக்கார இளைஞர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த மூன்றரை ஆண்டுகள் அமெரிக்காவின் பெரிய நாட்டார் இசை மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் ஹர்ட் வாசித்தார். 1966 நவம்பர் 2 அன்று காலமானார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கதவிலிருந்துதான் தொடங்குவார்கள். காணாமல் போன மேதை, விடாமல் தேடிய ரசிகர், மாட்டுத் தொழுவத்திலிருந்து அரங்க வெளிச்சம் வரை ஒரு பயணம். சினிமாவுக்கு அருமையாகப் பொருந்தும். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஹர்ட் எங்கேயும் காணாமல் போகவில்லை. 1928இல் எந்த ஊரில் இருந்தாரோ அதே ஊரில், வாசலில் தபால் பெட்டி வைத்துக்கொண்டு, உழுது பயிரிட்டுக்கொண்டு இருந்தார். காணாமல் போனது அவரைப் பதிவு செய்த தொழில்தான். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளை வெற்றிடமாகப் பார்க்கும்வரை அவருடைய கிட்டார் ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது பிடிபடாது.

மேடும் சமவெளியும்

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் டெல்டா என்ற பெரிய சமவெளி இருக்கிறது. கரிய வண்டல் மண், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி, பெரும் பண்ணைகள். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையைச் சொன்னதும் பலர் நினைப்பது இந்த நிலத்தைத்தான். சார்லி பேட்டனின் கரகரத்த குரல், சன் ஹவுஸ் தந்தியில் உலோகக் குழாயை வைத்து இழுக்கும் அலறல், ராபர்ட் ஜான்சனின் பதற்றம் எல்லாம் அந்த மண்ணோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

ஹர்ட் அந்தச் சமவெளியின் ஓரத்து மனிதர். டெல்டா முடிந்து கிழக்கே மேடுகள் தொடங்கும் இடத்தில் கேரல் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது. அங்கே டீயாக் என்ற இடத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1892 என்றும் 1893 என்றும் இரண்டு கணக்கு உண்டு. அந்தக் காலத்து ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் இது வழக்கமான குழப்பம். டீயாக்கில் இருந்த பண்ணை, பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற செனட்டர் ஜான் மெக்கெய்னின் முன்னோருக்குச் சொந்தமானது. அடிமை முறை இருந்த காலத்திலிருந்தே அவர்கள் கையில் இருந்தது. ஹர்ட் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பக்கத்தில் இருந்த அவலான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு கடை, சில வீடுகள், சுற்றிலும் வயல். ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அவர் ஊர் அதுதான்.

பள்ளிக்கூடப் படிப்பு ஒன்பது, பத்து வயதோடு நின்றது. கிட்டார் தொடங்கியதும் அந்த வயதில்தான். பள்ளி ஆசிரியையைப் பார்க்க வரும் ஒருவர் ஹர்ட் வீட்டில் தங்குவார். அவர் தூங்கிய பிறகு அவருடைய கிட்டாரை எடுத்துப் பையன் சத்தமில்லாமல் தடவிப் பார்ப்பான். பிறகு அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ‘பிளாக் ஆனி’ என்று பெயர் வைத்தான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அப்படி வாசித்தேன் என்று முதுமையில் அவர் சொன்னார். அடக்கமான பதில்தான், ஆனால் அதில் ஒரு தொழில்நுட்ப உண்மை இருக்கிறது: டெல்டாவின் வழக்கமான வாசிப்பு முறை எதுவும் அவருடைய விரல்களில் ஒட்டவில்லை.

வலது கையில் என்ன நடக்கிறது

அந்த வலது கையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டாரின் முகப்புப் பலகையில் ஊன்றி நிற்கின்றன. வேலை செய்வது மூன்று விரல்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளைக் கவனித்துக்கொள்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கின்றன. நகத்தில் மாட்டும் உலோக முனைகளோ பிளாஸ்டிக் துண்டோ கிடையாது. வெறும் விரல் சதைதான். அதனால்தான் அந்த நாதத்தில் ஒரு மென்மை.

கட்டைவிரல் ஒரு தடித்த தந்தியை மீட்டும், உடனே அடுத்ததற்குத் தாவும், மறுபடி முதல் தந்திக்கு வரும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. பாட்டு முடியும்வரை இது தடுமாறாது. மெட்டு அந்த அடிகளோடு எப்போதும் சேர்ந்து விழுவதில்லை. அரை அடி முந்தி வரும், அல்லது இரண்டு அடிகளுக்கு நடுவில் நழுவி விழும். கட்டைவிரல் கடிகாரம்போல நடக்க, மற்ற இரு விரல்களும் அதைச் சுற்றி விளையாடுகின்றன. கேட்பவர் காதுக்கு ஒரே ஆள் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வாசிப்பதுபோல இருக்கும். ஸ்பானிய கிட்டார் மேதை ஆந்த்ரே செகோவியா இந்தப் பதிவுகளில் ஒன்றைக் கேட்டுவிட்டு, இரண்டாவது கிட்டார் வாசிப்பவர் யார் என்று கேட்டதாக ஒரு கதை உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, முதல் முறை கேட்கும் பலருக்கும் எழும் கேள்வி அதுதான்.

இந்த முறை கற்கச் சுலபம்போலத் தோன்றும். கிட்டார் வகுப்புகளில் விரல் வாசிப்புக்கு முதல் பாடமாக ஹர்ட்டின் பாட்டுகளையே கொடுப்பது வழக்கம். ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ முழுக்க முழுக்க ஒரே ஒரு கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில், நகர்கிறது. இடது கை அநேகமாக இடம் மாறுவதே இல்லை. ஒரு மாதத்தில் சுரங்கள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. சுரம் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் ஆடாது. காரணம், ஹர்ட் இதை உட்கார்ந்து கேட்பவர்களுக்காக உருவாக்கவில்லை. சனிக்கிழமை இரவு யாராவது வீட்டில் மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜனங்கள் ஆடுவார்கள். தாளக்கருவி இல்லை, வேறு வாத்தியக்காரரும் இல்லாமல் போகலாம். ஒற்றைக் கிட்டார்தான் அத்தனை கால்களையும் நகர்த்த வேண்டும். கட்டைவிரலின் அந்தப் பிடிவாதம் அங்கே பிறந்தது.

அவருடைய பாட்டுகளில் பாதிக்கு மேல் கறாரான ப்ளூஸ் வடிவத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொலைக் கதைப்பாடல்கள், ராக்டைம் என்ற பழைய துள்ளல் இசையின் சாயல் கொண்ட ஆட்டப் பாட்டுகள், தேவாலயப் பாடல்கள், ரயில்பாதைத் தொழிலாளர்களின் பாட்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. ப்ளூஸ் என்ற வடிவம் கெட்டிப்படுவதற்கு முன்பே தெற்கில் புழங்கிய சரக்கு அது. 1928இல் அவர் பெயருக்கு முன்னால் ‘மிசிசிப்பி’யை ஒட்டியது இசைத்தட்டு நிறுவனம், விற்பனைக்காக. அந்த ஒட்டு அவரை டெல்டா வரிசையில் நிறுத்திவிட்டது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறார், சற்றுப் பொருந்தாமல்.

ஓக்கே நிறுவனத்தின் கடிதம்

1920இல் ஓக்கே நிறுவனம் மேமி ஸ்மித் என்ற பாடகியைக் கொண்டு ஒரு ப்ளூஸ் தட்டு வெளியிட்டது. அது பெருவாரியாக விற்றபோதுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குகிறார்கள் என்பது தொழிலுக்கு உறைத்தது. முதலில் நகரத்துப் பாடகிகள், பின்னால் பியானோ, பித்தளை வாத்தியங்கள். 1926இல் பார்வையற்ற டெக்சஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் தன் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய தட்டுகள் நன்றாக ஓடின. கிராமங்களில் கிட்டார் வாசிக்கும் ஆண்களைத் தேடி நிறுவனங்கள் தெற்கே ஆள் அனுப்பத் தொடங்கின.

ஹர்ட்டுக்கு வழி திறந்தது வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார வயலின்காரர் மூலம். அவர் அதே வட்டாரத்துக்காரர். தன் வழக்கமான கிட்டார் துணைவர் ஷெல் ஸ்மித் வர முடியாதபோது ஆட்டங்களுக்கு ஹர்ட்டை அழைத்துப் போவார். நிறப்பிரிவினை சட்டமாக இருந்த மிசிசிப்பியில் இது எப்படி நடந்தது என்று வியப்பு வரலாம். நடந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் இசை, வெள்ளையர் கிராமிய இசை என்று பட்டியலைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தன. ஊரில் மெட்டுகள் வேலி தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தன. நார்மருக்கு ஓக்கேயில் பதிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தபோது, அந்த நிறுவனத்தின் டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டைப் பற்றிச் சொன்னார். ராக்வெல் அவலானுக்கே வந்து, வீட்டில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு மெம்பிஸுக்கு வரச் சொன்னார்.

மெம்பிஸ் அனுபவத்தை ஹர்ட் பின்னாளில் விவரித்திருக்கிறார். பெரிய கூடம். உள்ளே இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து மைக்கை வாய்க்கு நெருக்கமாகத் தள்ளி, சரியான இடம் அமைந்ததும் தலையைத் துளிகூட அசைக்கக் கூடாது என்றார்கள். நடுக்கம் ஒரு பக்கம். பல நாட்களுக்குக் கழுத்து வலித்தது. எட்டுப் பாட்டுகள் பதிவாயின, இரண்டுதான் வெளியே வந்தன: ஒரு பக்கம் ‘பிராங்கி’, மறுபக்கம் ‘நோபடீஸ் டர்ட்டி பிசினஸ்’.

அந்தத் தட்டு சுமாராக விற்றது. நவம்பரில் ராக்வெல்லிடமிருந்து கடிதம் வந்தது: நியூயார்க்குக்கு வந்தால், ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் 20 டாலர், போக்குவரத்துச் செலவு தனி, எட்டுப் பாட்டாவது தயார் செய்துகொள்ளுங்கள், அவற்றில் குறைந்தது நான்கு பழைய காலத்து மெட்டுகளாக இருக்கட்டும். ‘ஏற்றுக்கொள்ளப்படும்’ பாட்டுக்கு மட்டும்தான் பணம். அதோடு கணக்குத் தீர்ந்தது. விற்பனையில் பங்கு என்ற பேச்சே கிடையாது. அன்றைய கிராமத்துக் கலைஞர்கள் அநேகமாக எல்லோருக்கும் இதுதான் ஏற்பாடு. பருத்தி வயலில் ஒரு மாதம் உழைத்தாலும் கைக்கு வராத தொகை என்பதால் மறுப்பவர் இல்லை.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னும் பின்னும், ஹர்ட் நியூயார்க்கில் இருந்தார். ஊர் நினைப்பு வாட்டியது. அங்கேயே ஒரு பாட்டைக் கட்டினார். அவலான்தான் என் சொந்த ஊர், எப்போதும் அதே நினைவு என்று தொடங்கும் ‘அவலான் ப்ளூஸ்’. இந்த ஒரு வரி முப்பத்தைந்து ஆண்டு கழித்து என்ன செய்யப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்காவில் 1927இல் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் சுமார் 60 லட்சமாகச் சுருங்கின. கிராமத்துக் கலைஞர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஆட்டம் கலைந்தது. ஹர்ட்டின் பாட்டு பிடிக்காமல் போய் அவரை ஒதுக்கினார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதிவில்லாத காலம்

அவர் வேலைக்குத் திரும்பினார். வேலை என்றால் பெரும்பாலும் வாரத்துக்குப் பயிரிடுவது: நிலம் இன்னொருவருடையது, உழைப்பு இவருடையது, விளைச்சலில் பங்கு, விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அதில் கழிக்கப்படும். கடைசியில் கையில் நிற்பது சொற்பம். இளமையில் சில மாதங்கள் ரயில்பாதையில் தண்டவாளம் நேராக்கும் கூலி வேலையும் செய்திருந்தார். மனைவி ஜெஸ்ஸி, பேரப்பிள்ளைகள், தேவாலயம். கிட்டார் சில ஆண்டுகள் வீட்டில் இருக்கும், சில ஆண்டுகள் இருக்காது.

ஒரு கலைஞனின் வாழ்க்கை வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போவது எழுதுகிறவருக்கு அலுப்புத் தரும். அதனால் ‘மறதியின் ஆண்டுகள்’ என்று இரண்டு வரியில் தாண்டிவிடுகிறோம். யார் மறந்தார்கள்? அவலான்காரர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு அவர் இசைத்தட்டுக் கலைஞராக இருந்ததே இல்லை. ஆட்டத்துக்கு வாசிக்கிற ஜான். மேடை, விமர்சனம், போட்டி எதுவும் தீண்டாத இடத்தில் அந்த வாசிப்பு இருந்தது. அவரைவிடப் பெயர் பெற்ற பலர் சிகாகோவுக்குப் போய் மின் கிட்டாருக்கு மாறி, அந்தந்தக் காலத்தின் ரசனைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டபோது, ஹர்ட்டுக்கு மாற வேண்டிய தேவையே வரவில்லை. 1963 பதிவுகளில் குரல் தாழ்ந்திருக்கிறது, வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. இதைத் தற்செயலான அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையே வெளியே ஒன்று நடந்தது. 1952இல் ஹாரி ஸ்மித் என்ற விசித்திரமான சேகரிப்பாளர், 1920, 30களின் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பாக ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் வெளியிட்டார். ஹர்ட்டின் இரண்டு பாட்டுகள் அதில் இருந்தன. நியூயார்க்கின் கல்லூரி மாணவர்களும் காபிக் கடைப் பாடகர்களும் அந்தத் தொகுப்பை வேதம்போலக் கேட்டார்கள். ஹர்ட் எப்போதோ இறந்திருப்பார் என்பது பொதுவான நினைப்பு.

தபால் பெட்டியும் பயமும்

1963இல் வாஷிங்டனைச் சேர்ந்த டாம் ஹாஸ்கின்ஸ், சேகரிப்பாளர் டிக் ஸ்பாட்ஸ்வுட்டின் வட்டத்தில் கிடைத்த ஒரு நாடாவில் ‘அவலான் ப்ளூஸ்’ கேட்டார். அப்போதைய வரைபடங்களில் மிசிசிப்பியில் அந்தப் பெயரில் ஊரே இல்லை. 1878ஆம் ஆண்டு வரைபடத் தொகுப்பு ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில் சிறிதாக இருந்தது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டின்சன் கடையில் விசாரித்தபோது, இந்தப் பாதையில் ஒரு மைல், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று சாதாரணமாகக் கை காட்டினார்கள்.

பாட்டை முகவரியாக வைத்துத் தேடுவது அந்த ஆண்டு இன்னொரு இடத்திலும் பலித்தது. புக்கா வைட் என்ற ப்ளூஸ் பாடகர் அபர்டீன் ஊரைப் பற்றிப் பாடியிருந்ததால், கிட்டார்க் கலைஞர் ஜான் ஃபாஹியும் எட் டென்சனும் ‘புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர், அபர்டீன்’ என்று எழுதித் தபால் நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். அது எப்படியோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இன்னொரு பழைய ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் மிசிசிப்பியில் ஒரு மருத்துவமனையிலும், சன் ஹவுஸ் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரிலும் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

ஹர்ட் வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். அறிமுகமில்லாத ஒரு வெள்ளைக்காரர் தன் பெயரைச் சொல்லி விசாரித்தபோது ஹர்ட்டுக்கு முதலில் வந்தது பயம். போலீஸ் அல்லது எஃப்.பி.ஐ. என்று நினைத்தார், நான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆள் மாறி வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார். இந்தக் காட்சியை எல்லோரும் நகைச்சுவையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இடத்தையும் அந்த ஆண்டையும் பார்த்தால் சிரிப்பு வராது. அவலானிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் கிரீன்வுட். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கம் அங்கே உச்சத்தில் இருந்தது. அதற்குப் பதிலடியாக அந்தக் கவுண்டி நிர்வாகம் ஏழைகளுக்கான இலவச உணவு விநியோகத்தை முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தது. 1963 பிப்ரவரி இறுதியில் இயக்கத்தின் இளைஞர் ஜிம்மி டிராவிஸ் கிரீன்வுட்டுக்கு வெளியே காரில் போகும்போது சுடப்பட்டார். ஜூனில் ஜாக்சன் நகரில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைக் கொன்ற பைரன் டி லா பெக்வித் கிரீன்வுட்வாசி. பதினான்கு வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் 1955இல் கொல்லப்படுவதற்கு முன் கடத்தப்பட்ட மனி என்ற ஊரும் இதே வட்டாரம்தான். வாழ்நாள் முழுக்க அங்கே இருந்த எழுபது வயது மனிதருக்கு, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வாசலில் நிற்பதன் பொருள் நன்றாகத் தெரியும். ஹாஸ்கின்ஸ் அழைத்தபோது அவர் வாஷிங்டன் போக ஒப்புக்கொண்டதில்கூட, மறுத்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம் இருந்திருக்கிறது.

அப்போது அவரிடம் கிட்டார் இல்லை. ஹாஸ்கின்ஸ் தன்னுடையதைக் கொடுத்தார். மாடு பார்த்துக்கொண்டிருந்த கைகள் விறைத்திருந்தன. சிறிது நேரத்தில் வழிக்கு வந்துவிட்டன.

தாத்தாவின் கொலைப் பாட்டுகள்

ஜூலை இறுதியில் நியூபோர்ட் நாட்டார் இசை விழா. அதற்குள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவருடைய பாட்டுகளை டஜன் கணக்கில் பதிவு செய்திருந்தது. பழுப்புத் தொப்பியும் சிரிப்புமாக, மேடையில் அவர் உட்கார்ந்த விதம் ஒரு கூட்டத்தையே மயக்கியது. வாஷிங்டனின் ஒன்டாரியோ பிளேஸ் காபிக் கடையில் தொடர்ந்து வாசித்தார். ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். நியூபோர்ட் அறக்கட்டளை அவருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தர முன்வந்தபோது, கடையில் இருந்த விலையுயர்ந்தவற்றை விட்டுவிட்டு எளிய கில்ட் எஃப்-30 ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

இளைஞர்கள் அவரிடம் ஒரு சாந்தமான தாத்தாவைக் கண்டார்கள். அவர் சாந்தமானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் என்ன பாடினார் என்று யாராவது கவனித்தார்களா? ‘பிராங்கி’ துரோகம் செய்த காதலனைச் சுட்ட பெண்ணின் கதை. 1899இல் செயின்ட் லூயிஸில் நடந்த கொலையிலிருந்து பிறந்தது. ‘ஸ்டாக் ஓ’லீ’யும் அதே ஊரில் 1895 கிறிஸ்துமஸ் இரவு லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்ட சம்பவம். ‘லூயிஸ் காலின்ஸ்’ இன்னொரு துப்பாக்கிச் சாவு. ஊரார் பேசிக்கொண்டதைக் கேட்டு இவரே கட்டியது. ‘கேண்டி மேன்’ மிட்டாய்க்காரனைப் பற்றியது என்று நம்புகிறவர்கள் வரிகளை இன்னொரு முறை கேட்கலாம். படுக்கையறைச் சமாச்சாரத்தை அவ்வளவு வெள்ளந்தியான முகத்தோடு பாடியவர் வேறு யாரும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது ‘லூயிஸ் காலின்ஸ்’. செய்தி கொலை, மெட்டு தாலாட்டு. தாயின் அழுகையும், தேவதைகள் அவனைக் கிடத்திய பல்லவியும் வந்து போகின்றன. பழிவாங்கல் இல்லை, நீதியும் கேட்கப்படவில்லை. ஊரில் ஒரு சாவு நடந்தால் எல்லோரும் போய் நின்றுவிட்டு வருவார்களே, அந்தத் தொனி. டெல்டா பாடகர்கள் துயரத்தைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு ‘நான்’ என்று பாடுவார்கள். ஹர்ட் பெரும்பாலும் ஒதுங்கி நின்று சொல்கிறார்.

‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ இதற்கு நல்ல சான்று. ரயில்பாதை வேலையில் சக தொழிலாளி ஒருவரிடம் கற்றது. ஜான் ஹென்றி என்ற சம்மட்டி வீரன் நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு வென்று, அந்த உழைப்பிலேயே இறந்த கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக அது வீரகாவியம். ஹர்ட்டின் பாட்டில் பேசுகிறவன் வேறு ஆள். அந்தச் சம்மட்டி ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது என்று அதைக் கீழே வைத்துவிட்டு, மேஸ்திரியிடம் நான் போய்விட்டேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். அந்த ஒற்றைக் கார்டின் மேல் விரல்கள் அவசரமில்லாமல் போகின்றன. கூலி வேலை செய்தவர் பாடிய ஜான் ஹென்றி பாட்டு அப்படித்தான் இருக்கும்.

பணம், பெயர், மிச்சம்

தேடிக் கண்டுபிடித்தவர்களே ஒரு நிறுவனம் தொடங்கி ஹர்ட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். அன்பும் வியாபாரமும் ஒரே கையெழுத்தில் அடங்கிய ஏற்பாடு. அந்தக் காலத்தில் இது பலருக்கும் நேர்ந்தது. அவர் இறந்த பிறகு பதிவுகளின் உரிமை குறித்து வழக்குகள் நீண்டன. உயிரோடிருந்தபோது வயல் வேலையில் பார்க்காத பணம் பார்த்தார் என்பதும் உண்மை. ஆனாலும் வாஷிங்டனில் நிலைக்க மனமில்லை. கடைசியில் மிசிசிப்பிக்கே திரும்பி, கிரெனடாவில் காலமானார். அவலானுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய செல்வாக்கு எதிர்பாராத இடங்களிலெல்லாம் தெரியும். 1960களில் புகழ்பெற்ற ‘லவின் ஸ்பூன்ஃபுல்’ குழு தன் பெயரை அவருடைய ‘காபி ப்ளூஸ்’ பாட்டின் ஒரு சொற்றொடரிலிருந்து எடுத்துக்கொண்டது. நாட்டார் பாடகர் டாம் பாக்ஸ்டன் அவரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். ஜான் ஃபாஹி ஓர் இரங்கல் இசை அமைத்தார். அவர் பேத்தி மேரி பிரான்சஸ் ஹர்ட் அவலானில் தாத்தாவின் பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கி நடத்திவந்தார். 2024 பிப்ரவரியில் அது தீயில் எரிந்துபோனது.

கேட்க விரும்புகிறவர்கள் 1928 பதிவுகளிலிருந்து தொடங்கலாம். அப்போது வெளிவராத ஒன்றையும் சேர்த்துப் பதின்மூன்று பாட்டுகளாக அவை இன்று ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. அத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தட்டின் கரகரப்பு முதலில் தொந்தரவு செய்யும், மூன்றாவது பாட்டில் மறந்துபோகும். பிறகு வேங்கார்ட் நிறுவனம் 1966இல் வெளியிட்ட ‘டுடே!’ தொகுப்புக்குப் போகலாம். 2009இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது இதுதான். இரண்டிலும் இருக்கும் ‘கேண்டி மேன்’ பாட்டை அடுத்தடுத்துக் கேளுங்கள், குரலை விட்டுவிட்டுத் தடித்த தந்திகளை மட்டும் கவனியுங்கள்.